தொப்பை இறங்கிய வாரம்

தொப்பை இறங்கிவிட்டது என்று முதலில் சொன்னது குழந்தைகள்தான்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு தொட்டி உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு பெரிய பீப்பாய், அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு பீப்பாய். வீடுகளில் மிஞ்சும் காய்த்தோலும் பழைய சோறும் உள்ளே போய் அழுகும். அழுகினால் எரிவாயு வரும். வாயு நிறைய நிறைய மேல் பீப்பாய் எழும்பும், அடுப்பு எரிய எரிய இறங்கும். மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு பெல்ட்டைத் தளர்த்திய பெரியப்பாவைப் போல அது இருந்ததால், தரைத்தளத்தில் இருக்கும் பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகள் அதற்குத் தொப்பை என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. சங்கச் செயலாளரே கூட்டத்தில் தொப்பை என்றுதான் சொல்கிறார், அதுவும் சிரிக்காமல்.

"அக்கா, தொப்பைக்கு ஒடம்பு சரியில்ல. ஒல்லியாயிடுச்சு."

தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல், அந்தத் தொட்டியைக் கட்டிய பெண் ஓடினாள். போன வாரம் மார்பளவு எழும்பி நின்ற பீப்பாய், முழங்காலுக்குக் கீழே குந்தியிருந்தது. காப்பகத்துச் சமையலறை ஜன்னலில் சமையல்காரர் தலை முளைத்தது.

"வாம்மா இன்ஜினியர். உன் அடுப்ப நம்பிப் பால வெச்சேன். அது பொங்குறதுக்குள்ள இந்தப் பிள்ளைங்களுக்குக் கல்யாண வயசே வந்துடும் போல."

"எரியவே இல்லையா அண்ணே?"

"எரியுது, எரியுது. மஞ்சளா ஒரு நாக்க நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டிட்டு அணைஞ்சுடுது. நாலஞ்சு நாளாவே சுணக்கம்தான். நீ வேற கோவக்காரி. சொன்னா என்னையே கடிச்சு வெப்பியேன்னு கம்முனு இருந்தேன்."

அவள் கோபக்காரி என்பது அந்தக் குடியிருப்பில் லிஃப்டுக்குக்கூடத் தெரியும். ஒருமுறை அவள் குத்திய குத்தில் அதன் இரண்டாவது பொத்தான் இன்னும் வெளியே வரவில்லை.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் பரம்பரையில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மிதித்திருந்தால் அது பெருக்குவதற்காக. படித்து முடித்து வேலை தேடிப் போன இடத்திலெல்லாம், உங்கள் அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். என்ன படித்தாய் என்று அதற்கப்புறம்தான் கேட்டார்கள். கடைசியாகக் கேட்டவரிடம், "அவங்களையா வேலைக்கு எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு, சொந்தமாகக் கையில் எடுத்த முதல் வேலை இந்தத் தொப்பை.

ஓட்டிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சங்கம் கொடுத்திருந்த கெடு வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அன்று பொதுக்கூட்டம். தொப்பை நிமிர்ந்து நின்றால் அது அங்கேயே நிரந்தரம். பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் பார்க்க வருகிறார்கள், பிடித்தால் அவர்களும் ஒன்று கட்டுவார்கள். படுத்துக் கிடந்தால் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்டுவிடுவார்கள். அவளும் பழையபடி அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும்.

அவள் பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். புளித்துப் போயிருந்தது, நிறமே சொன்னது. குப்பையைப் போடும் வாய்ப்பகுதியில் மூக்கை நுழைத்தாள். வழக்கமாக அங்கே அழுகல் வாடை குப்பென்று அடிக்கும். இன்று அதற்குமேல் வேறொரு நெடி ஏறியிருந்தது. நீச்சல் குளத்து நெடி. பிளீச்சிங் பவுடர்.

தொப்பைக்குள்ளே இருப்பது வெறும் குப்பை இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதைத் தின்றுதான் வாயு விடுகின்றன. பிளீச்சிங் உள்ளே போனால் அத்தனையும் செத்துவிடும். ஒருநாள் தெரியாமல் கொட்டினால் தாங்கும். இது ஒருநாள் கொட்டியதாகத் தெரியவில்லை.

எவனோ வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினாள். எவனோ இல்லை, எவளோ. மூன்றாவது மாடிக்காரி.

மூன்றாவது மாடிக்காரி வீட்டில் புதிதாக இரண்டாவது கார் வாங்கியிருந்தார்கள். அது தெருவில் வெயிலில் நின்றது. அந்த அம்மாள் தொப்பைக்கான பச்சை வாளியில் பிளாஸ்டிக்கைக் கலந்து போட்டு இவளிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதற்குப் பதிலாகத்தான் லிஃப்டில், நாலு பேர் காதில் விழும்படி, "நல்ல குடும்பம். அம்மா பெருக்குறா, பொண்ணு பொறுக்குறா" என்று சொன்னாள்.

அவள் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் உறைத்தது. இவளுடைய அம்மா அந்தக் குடியிருப்பில்தான் துப்புரவு வேலை பார்க்கிறாள். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்காகக் காத்திருந்து வீட்டுப்பாடம் எழுதியது அந்தப் படிக்கட்டில்தான். இப்போது அதே படியில் இறங்கும்போது ஒரு வீட்டில் மேடம் என்கிறார்கள், அடுத்த வீட்டில் ஏம்மா என்கிறார்கள். எந்த வீட்டில் எது வரும் என்று அவளாலேயே சொல்ல முடிவதில்லை.

நின்ற இடத்திலேயே குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினாள். 'தொட்டியில் யாரோ வேண்டுமென்றே பிளீச்சிங் ஊற்றுகிறார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேளுங்கள். மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அதைத் தொட்டுப் பார்க்கவும்.'

மூன்றாவது மாடியில் இரண்டே வீடு. ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது.

பதில் குரலாகவே வந்தது. "ஏம்மா இன்ஜினியர், என் வீட்டுப் பாத்திரத்துக்கே பவுடர் பத்தல, உன் குப்பைத் தொட்டிக்கு வேற அபிஷேகம் பண்றேனா? சாட்சி வெச்சிருக்கியா? ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நிரூபி. இல்லேன்னா உன் பீப்பாய நானே என் கையால உருட்டி விடுறேன்." இதற்குக் கீழே கைதட்டும் படங்கள் வரிசை கட்டி விழுந்தன.

சாயங்காலம் வீட்டில் அம்மா தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு?"

"தொட்டியில மருந்து ஊத்திட்டாங்க. வாயு நின்னுடுச்சு."

"மருந்தா? அடப் பாவிங்களா! பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சுற அடுப்பாச்சே. யாரு?"

"மூணாவது மாடி."

"அவளா? அவ வாய் அப்படித்தான். ஆனா அவ கீழ எறங்கி அந்தப் பக்கம் வந்து நான் பாத்ததில்லையே." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி விடு. நாளைக்கு நான் இன்னும் நல்லாக் கழுவி விடுறேன்."

"ம்" என்றாள் மகள். அவள் கண் போனில் இருந்தது. சாட்சிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவளும் கிளம்பிவிட்டாள். வழக்கமாக அவள் அங்கே போகும்போது காப்பகத்தில் பிள்ளைகள் வந்திருப்பார்கள். அன்று வெயில்கூட மதிலைத் தாண்டவில்லை. ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் குந்தி, போன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது மாடிக்காரி நைட்டியோடு பவுடர் டப்பாவும் கையுமாக வருவது போலவும், தான் படம் பிடிப்பது போலவும், ஞாயிற்றுக்கிழமை அதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவது போலவும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ருசியாகத்தான் இருந்தது.

வந்தது அம்மா.

ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் எடுத்த பச்சை வாளிகளைக் கொண்டுவந்து, குப்பையைத் தொட்டி வாயில் கொட்டினாள். பிறகு குழாயடியில் உட்கார்ந்து, வாளிக்கு ஒரு கை வீதம் வெள்ளைப் பவுடரைப் போட்டு, பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்தாள். ஒவ்வொரு வாளியையும் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். திருப்தி இல்லாததை மறுபடி தேய்த்தாள். முடிந்ததும் கழுவிய தண்ணீரையெல்லாம் ஒரு பெரிய வாளியில் சேர்த்து, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல், பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பதமாய்த் தொப்பையின் வாயில் ஊற்றினாள்.

"அம்மா!"

"அய்யோ!" அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "என்னடி இது, திருடி மாதிரி? உசுரே போச்சு."

"என்ன ஊத்துற?"

"கழுவுன தண்ணி."

"என்ன போட்டுக் கழுவுன?"

"பவுடர்தான். மாடிப்படிக்குப் போடுறது. பாரு, வாளி எப்படி இருக்குன்னு. சோறு போட்டுச் சாப்பிடலாம்."

"அதை ஏன் இதுல ஊத்துற? யாரு ஊத்தச் சொன்னா?"

அம்மா பிரஷ்ஷாலேயே தொட்டிக்குப் பின்னாலிருந்த பலகையைக் காட்டினாள். அதில் மகள் எழுதி ஒட்டிய விதிமுறைகள் இருந்தன. அம்மா ஒரு வரியின் கீழ் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வா...ளி கழுவிய தண்...ணீரையும் இதி...லேயே ஊற்றவும். ஒரு சொட்டும் வீணா...கக் கூடாது." படித்து முடித்து நிமிர்ந்தாள். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ எழுதினதாச்சேன்னு தினம் நின்னு படிப்பேன். அந்த வரி முழுசா வரும் எனக்கு."

"எத்தன நாளா பவுடர் போடுற?"

"அவ லிஃப்டுல பேசினதுல இருந்து. நீ லிஃப்டுக்குள்ள வந்தா மூக்க மூடிக்கணும்னு வேற சொன்னாளாம். என்னச் சொல்லட்டும். என் மேல வாடை அடிச்சா அடிக்கட்டும், நான் பாத்த வேல அது. உன்ன எதுக்குச் சொல்லணும்? இந்த வாளியத்தானே நீ தொடுற. அதான் நீ வர்றதுக்கு முன்னாடியே தேச்சு வெச்சுடுறேன்."

"அய்யோ அம்மா. இது நாறினாத்தாம்மா உயிரோட இருக்குன்னு அர்த்தம். உள்ள கோடிக்கணக்கா பூச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதுங்கதான் வாயுவே விடுது."

"பூச்சியக் கொல்லத்தானடி பவுடரே!"



"எல்லாத்தையும் கொன்னுட்டியேம்மா."

அம்மா கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். மெதுவாகத்தான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "எனக்கு யாருடி சொன்னா?"

"எல்லாருக்கும் சொன்னேனே. தொடங்குறப்ப கூட்டம் போட்டு, படம் போட்டு..."

"எல்லாருக்கும்னா?"



அந்தக் கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாடியிலுள்ள சங்க அறையில் நடந்தது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டது அம்மா. தண்ணீர் பாட்டில்களை வைத்தது அம்மா. ஆட்கள் வரத் தொடங்கியதும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, எப்போதும் போல வெளியே போய்விட்டாள். அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்ற மகள் அதைப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அம்மா வெளியே போனபோது அப்பாடா என்றிருந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் உயிர்களைப் பற்றி, ஒரு நாளும் வாளியைத் தூக்கப் போகாத நாற்பது பேருக்கு விலாவாரியாக விளக்கினாள். வாளியைத் தினம் தூக்கும் மூன்று பேர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் முழுக்கக் கடித்துக் குதறிக்கொண்டு அலைந்த கோபம் இப்போது போக இடமில்லாமல் அவளிடமே வந்து நின்றது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அம்மா.

"சாணிக்கரைசல் கொண்டுவந்து ஊத்தி, புளிப்ப எடுத்து, மறுபடி முதல்ல இருந்து வளக்கணும். வாரக்கணக்கு ஆகும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"ஆகாது."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அவ மேலயே பழி இருக்கட்டும்டி. அவளுக்கு என்ன கொறஞ்சுடும்? வீடு இருக்கு, ரெண்டு காரு இருக்கு. என் பேரு வெளிய வந்தா செயலாளர் ஒரே வார்த்தையில என்ன அனுப்பிடுவாரு. உனக்கும் அசிங்கம். இன்ஜினியர் கட்டுனத அவ ஆத்தாளே கெடுத்தான்னு ஊரே சிரிக்கும்."

கணக்காகத்தான் பேசினாள். அம்மா ஊற்றியது போனில் படமாகியிருந்தது. அதை அழித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மூன்றாவது மாடிக்காரியை நம்ப அங்கே ஆளில்லை, அவள் வாயே அவளுக்கு எதிர்ச்சாட்சி. சந்தேகத்தின் பேரில் தொப்பைக்கு இன்னொரு மாசம் கிடைத்தாலும் கிடைக்கும்.

அவள் படத்தை அழித்தாள். ஆனால் அதோடு விடவில்லை. விடத் தெரிந்திருந்தால் அவளுக்கு எப்போதோ ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறை நிரம்பி வழிந்தது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அம்மா நாற்காலியெல்லாம் போட்டு முடித்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, உட்காரு. நீங்களும் உட்காருங்கக்கா."

"வேல கெடக்குடி" என்றாள் அம்மா. கண்ணாலேயே கொன்றாள். மற்ற இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை, போகவுமில்லை. துடைப்பத்தோடு கதவோரம் நின்றாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். அவர் உட்காருவதற்குக்கூட விதிமுறை தேடுகிற ஆள். "தொப்பை செயல்படவில்லை என்பது கண்கூடு. புகார் ஒன்றும் நிலுவையில் இருக்கு. மேடம், நீங்க குரூப்ல சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார். நான் சொன்னது தப்பு. மூணாவது மாடி ஆன்ட்டி எதுவும் பண்ணல."

அறையில் ஒரு சலசலப்பு ஓடியது. மூன்றாவது மாடிக்காரி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"வாளி கழுவுன பவுடர் தண்ணி உள்ள போயிருக்கு. ஊத்துனது எங்க அம்மா. ஊத்தச் சொல்லிப் பலகையில எழுதினது நான். பவுடர் ஆகாதுன்னு வாளி தூக்குறவங்களுக்கு நான் சொல்லவே இல்ல. மத்த எல்லாருக்கும் இதே ரூம்ல சொன்னேன், அவங்கள மட்டும் வெளிய நிக்க வெச்சுட்டு."

யாரோ ஒருவர் சிரித்தார். அம்மா பயந்தது போலவே ஆயிற்று. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா ஊழியர் அலட்சியம். அந்தம்மாவ மாத்திடறதுதான் முறை."

"மாத்திட்டு? புதுசா வர்றவங்களும் பவுடர்தான் போடுவாங்க. சுத்தமா வெச்சுக்கோன்னு இத்தன வருஷம் நீங்கதானே சார் விரட்டினீங்க? சுத்தமா வெச்சாங்க. அவங்களப் போகச் சொன்னா நான் பீப்பாய இன்னைக்கே கழட்டுறேன். நீங்க கோடு போட்டுக்கோங்க."

"மிரட்டுறீங்களா மேடம்?"

"ஆமா சார்."

கதவோரத்தில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மூன்றாவது மாடிக்காரி எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக ஆரம்பித்தாள். "இந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. என் மானத்த குரூப்ல ஏத்தினா. என் தங்கச்சி வேற ஊர்ல இருந்து போன் பண்ணிக் கேக்குறா, என்னக்கா குப்பைத் தொட்டிக்கு விஷம் வெச்சியாமேன்னு. மன்னிப்ப அதே குரூப்ல, பெரிய எழுத்துல எழுதட்டும்."

"எழுதுறேன் ஆன்ட்டி."

"இரு, நான் முடிக்கல. பிளாஸ்டிக் தனியா, தோல் தனியான்னு இவ கத்துன கத்துக்கு, ஆறு மாசமா ஒவ்வொரு டீத்தூள் பாக்கெட்டையும் நான் கழுவிப் பிரிச்சுக்கிட்டிருக்கேன். என் விரல்ல வெடிப்பே வந்துடுச்சு. இப்ப எல்லாத்தையும் தூக்கிப் போடுறேன்னா, நான் பிரிச்சதெல்லாம் எந்தக் கணக்குல சேத்தி? ஓட்டட்டும். ஓடலேன்னா அப்புறம் நான் பேசிக்கிறேன்." உட்காரப் போனவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாவ எதுக்கு அனுப்பணும்? அவ தேச்ச வாளி மாதிரி என் வீட்டுக் குடத்தையே நான் தேச்சதில்ல."

அது மன்னிப்பா, பாராட்டா, அடுத்த சண்டைக்கு முன்பணமா என்று யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் கை தூக்கச் சொன்னார். தொப்பைக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைத்தது, மயிரிழையில். அம்மாவின் வேலை பற்றி யாரும் மறுபடி பேச்செடுக்கவில்லை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று வீடு போய்ச் சேர்ந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். பிறகு ஆரம்பித்தாள். "நாப்பது பேருக்கு முன்னாடி என் பேர இழுக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. இந்த முறையும் அம்மாவைக் கேட்காமலேயே முடிவெடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "கேக்கல. தப்புதான்" என்றாள்.  அம்மா தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அடுத்த நாள் குழாயடியில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்காலியும் திரையும் இல்லை. கவிழ்த்த வாளிகளின் மேல் மூன்று பெண்கள் உட்கார்ந்தார்கள், நின்றது மகள் ஒருத்திதான். சங்க அறையில் ஒருவர்கூடக் கேள்வி கேட்டதில்லை. இங்கே அவளை வாக்கியம் முடிக்க விடவில்லை. சோப்பு ஆகுமா? எலுமிச்சைத் தோல் ஆகுமா? பூச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவள் மகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பண்ணையிலிருந்து சாணிக்கரைசல் வந்தது. மகள் அதைக் குடம் குடமாக ஊற்றினாள், கிளறினாள், தாளை நனைத்து நனைத்துப் பார்த்தாள். முதல் வாரம் தொப்பை அசையவில்லை. இரண்டாம் வாரமும் சமையல்காரர் சிலிண்டரிலேயே பால் காய்ச்சினார், ஜன்னல் வழியே உச்சுக்கொட்டினார்.

பிறகு ஒருநாள் காலை அவள் போகும்போது, அம்மா தொட்டி வாயில் குனிந்து நின்றிருந்தாள். வாளிகள் வெறும் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்திருந்தன. மேல் பீப்பாய் நாலு விரற்கடை எழும்பியிருந்தது. ஒருவேளை மூன்று. சரியாகச் சொல்ல முடியவில்லை.

"இங்க வாடி" என்றாள் அம்மா, நிமிராமல். "மோந்து பாத்துச் சொல்லு. இது செத்த நாத்தமா, உசுரோட இருக்கற நாத்தமா?"

மகள் குனிந்து மூச்சை இழுத்தாள்.  கண்ணில் நீர் வந்தது.

"உசுரோட இருக்கும்மா."

அம்மா மெல்ல அவள் தோளருகே வந்து, அவள் சட்டையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சரிதான். இங்கயும் அதே உசுருதான். போய்க் குளி."